ஆற்றங்கரை ஆலயத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாரியம்மன் அருளால் குடமுழுக்கும் 48 நாள் மண்டலாபிஷேகமும் நல்லபடியாக நிறைவேறின.

முதலில் கருவறைச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் ஏன் உரிகிறது என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கேட்டீர்கள். மலேசியாவில் பினாங்கு, கெடா, பேராக் மாநிலங்களின் எல்லைப் பகுதியில் ஓடும் கிரியான் ஆறு நமக்குக் கூப்பிடு தூரம். கடல் ஏறினால் ஆறும் ஏறும். மண்ணில் ஈரம் காய்வதே இல்லை. பழைய செங்கல் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் காற்றில் ஆவியாகிக்கொண்டிருந்தது. முந்தைய திருப்பணியில் நாம்தான் சிமெண்டைப் பூசி அந்த வழியை அடைத்தோம். உள்ளேயே தங்கிய ஈரம் உவர் பூத்து, செங்கல்லை மாவாக உதிர்த்துவிட்டது.

சிமெண்டைக் கொத்தி எடுத்த அன்று, அடியில் இருந்த பழைய பூச்சில் ஒரு கொத்தனாரின் நான்கு விரல் தடம் அப்படியே இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு அதைப் பூசாமல் விட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அந்த விரல்கள் யாருடையவை என்று நமக்குத் தெரியாது. அவர்கள் வந்த கதை தெரியும். 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற நிலம், வடக்கே மூடா ஆற்றிலிருந்து தெற்கே கிரியான் ஆறு வரை. இன்றும் பினாங்கின் நிபோங் திபாலிலிருந்து சற்று நகர்ந்தால் ஒரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு, ஆற்றுக்கு அப்பால் பேராக்கின் பாரிட் புந்தார். இந்த எல்லை மண்ணில் கரும்பு பயிரிட, நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் முன்னோர். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மக்கள் மாரியம்மனை விடவில்லை.

புதிய பூச்சுக்குச் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து அரைத்தோம். கரும்புத் தோட்டத்துக் கோயிலின் சுவருக்குள் மறுபடியும் வெல்லம் போனதைப் பார்த்து, எங்கள் குழுவின் மூத்த அக்கா ஒருவர் கண்கலங்கிவிட்டார். வேலை நீண்டதற்கும் இந்தச் சுண்ணாம்புதான் காரணம். ஒரு பூச்சு காயாமல் அடுத்தது ஏறாது. நடுவில் மழை வேறு. பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.

விமானச் சுதை வேலை, புதிய கலசங்கள், சிலையைப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தனம் எல்லாம் முறைப்படி முடிந்தன. கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணியில் மண் சுமந்த இளைஞர்களையும், மடப்பள்ளியைத் தினமும் கவனித்த அம்மாக்களையும் மறக்க முடியாது. வரவு செலவுக் கணக்கு ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் வந்து ரசீதுகளைப் பார்க்கலாம்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். சுவருக்குப் பெயிண்ட் உபயம் செய்ய விரும்புவோர், அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு வாங்கித் தாருங்கள். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் நாமே வெள்ளையடிப்போம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு