பதினைந்து கட்டைகளும் ஒரு வெற்றிடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் புதிர்களுக்கு, விடையோடு அதன் காரணத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

நான்குக்கு நான்கு கட்டங்கள் கொண்ட சட்டத்தில், 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகளை ஒரே ஒரு வெற்றிடத்தின் வழியே நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டுச் சாமானை என் பேத்தி கீழே போட்டுவிட, சிதறிய கட்டைகளை நானே கவனமின்றிப் பொருத்திக் கொடுத்தேன். இரண்டு நாள் முயன்றும் கடைசி வரிசை 13, 15, 14 என்றே வந்து நின்றதால், தனக்குக் கணக்கு வராது என்று அவள் அழுதேவிட்டாள்.

பிழை அவளுடையது அன்று. வெற்றிடம் புறப்பட்ட மூலைக்கே திரும்ப வேண்டுமானால், மேலே போன அளவு கீழேயும், இடப்பக்கம் போன அளவு வலப்பக்கமும் நகர்ந்தாக வேண்டும் என்பதால், மொத்த நகர்த்தல்கள் எப்போதும் இரட்டைப்படையாகவே அமையும். ஒவ்வொரு நகர்த்தலிலும் வெற்றிடமும் ஒரு கட்டையும் இடம் மாறுகின்றன. ஆனால் 14, 15 ஆகிய இரண்டை மட்டும் மாற்றுவதற்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் இடமாற்றங்கள் தேவை. எத்தனை அழகான மறுப்பு இது! 1880இல் அமெரிக்காவையே ஆட்டிவைத்த இப்புதிருக்குத் தீர்வில்லை என்பதை, 1879 எனத் தேதியிட்ட 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' தொகுதியில் ஜான்சன், ஸ்டோரி ஆகிய கணித அறிஞர்கள் இருவரும் விளக்கியிருந்தனர். கட்டைகளைக் கழற்றி மனம்போனபடி பொருத்தினால் கிடைக்கும் அமைப்புகளில் சரிபாதி இவ்வாறு தீராதவையே.

இதைத் தாளில் கட்டம் வரைந்து காட்டியபோது, பத்து வயதுப் பிள்ளைக்கு அது எளிதாகவே புரிந்தது. மாணவர் பக்கத்தில் இதற்கு அரைப் பத்தி ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்