நிலாவெளி வழி பஸ் சாரதி அண்ணன்மாருக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாரே,

திருகோணமலையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். நிலாவெளியிலிருந்து தினமும் உங்கள் பஸ்ஸில்தான் வருகிறேன், பெரும்பாலும் நின்றபடி. போன மாதம் உப்புவெளியில் ஒரு பஸ் நின்ற பிறகு, நான் பின்னுக்குப் போய் ஓர் அம்மாவின் மீன் பையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

பிரேக் பிடிக்கும்போது விழாதவன் பஸ் நின்ற பிறகு ஏன் விழுந்தேன்?

மணிக்கு 36 கிலோமீற்றரில் வரும் பஸ் செக்கனுக்கு 10 மீற்றர் ஓடுகிறது. அதை 4 செக்கனில் நிறுத்தினால், ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் 2.5 மீற்றர் குறைகிறது. இதுதான் அமர்முடுகல். அது சீராக இருந்தால் தொல்லையில்லை. கம்பியைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துச் சமாளிப்போம். ஆனால் சில்லு நின்ற கணத்தில் அந்த 2.5 சட்டென்று பூச்சியமாகிவிடுகிறது. நாங்களோ இன்னும் சாய்ந்தபடி! மிச்சத்தை மீன் பை சொல்லும்.

வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். அந்த ஆர்முடுகலே மாறும் வீதத்துக்கு ஜேர்க் என்று பெயர். முதலாவதை வகுப்பில் நாங்கள் படிப்பிக்கிறோம், இரண்டாவதை உங்கள் பஸ் படிப்பிக்கிறது. கிளச்சைச் சடாரென்று விட்டு எடுக்கும்போதும் இதே பாடம்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பஸ் நடை வேகத்துக்கு, அதாவது செக்கனுக்கு 1 மீற்றருக்கு, வந்ததும் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைச் செக்கன்கூட அதிகம் ஆகாது. பஸ் கூடுதலாக உருள்வது ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர், ஒரு சாண் கூட இல்லை. பின்னால் வரும் பஸ் உங்களை முந்த அது போதாது. மிதிக்கத் தொடங்கும்போதும் அப்படியே மெதுவாகத் தொடங்கினால், பிள்ளையோடு நிற்கிற தாய்மார் உங்களை வாழ்த்துவார்கள்.

அதற்காக, டவுனுக்குள், திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரியும் மான் குறுக்கே பாயும்போது கணக்குப் பார்க்க வேண்டாம். முழுக்க மிதியுங்கள், நான் விழுந்தாலும் பரவாயில்லை.

சரி, அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ சூடை மீன் கடன்பட்டிருக்கிறேன். காலை பஸ்ஸில் ஏறினால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கம்பியைப் பிடித்தபடி வரும் வாத்தியார்