குளிர்காலத்தில் சுவிஸ் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து, பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்ப்பதற்காகச் சுவிற்சர்லாந்து செல்வோருக்கு எமது நிலையம் விமானச் சீட்டும் பயணக் காப்புறுதியும் ஒழுங்குசெய்து வருகிறது. சென்ற தை மாதம் அங்கு போய்த் திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், மருமகனுடன் மலை பார்க்கச் சென்றபோது கயிறு கட்டியிருந்த பாதையைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்ததாகவும், காலடியில் ‘தொம்’மென்று ஓர் ஓசை எழுந்து பனி சற்றே அமிழ்ந்ததாகவும், எல்லோரும் சிரித்துவிட்டுத் தொடர்ந்து நடந்ததாகவும் வேடிக்கையாகச் சொன்னார். பனிச்சரிவு நிகழக்கூடும் என்பதற்கு மலை தரும் மிகத் தெளிவான எச்சரிக்கைகளுள் அந்த ஓசையும் ஒன்று என்பதாலேயே இம்மடலை எழுதுகிறோம்.

மலையில் பனி படைபடையாகவே கிடக்கிறது. கார்த்திகையில் மெல்லியதாக விழும் முதற்பனியின் அடியில் நிலம் ஏறத்தாழ 0 பாகை செல்சியசில் இருக்க, மேலே காற்று கடுங்குளிராக இருந்தால், அடியிலிருந்து நீராவி மேலெழுந்து பனித்துகள்களைப் பெரிய, முனைகள் கொண்ட பளிங்குகளாக மாற்றிவிடும். அள்ளிப் பார்த்தால் ஆனையிறவுக் கல்லுப்பைப் போல விரலிடுக்கால் உதிரும், ஒன்றையொன்று பற்றாது. பின்னர் விழும் பனி இதனை மூடிவிடுவதால் மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் இப்படை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி பலகைபோல் இறுகியிருந்தால், ஒரு மனிதரின் பாரமே போதும்: உப்புப் போன்ற அந்தப் படை நொறுங்க, பலகை முழுவதும் வெடித்து வழுக்கி வரும். ‘தொம்’ என்று கேட்டது அந்த நொறுங்கலே. பனிச்சரிவில் அகப்படும் மலையேறிகளில் மிகப் பெரும்பாலானோர், தாமோ தம்முடன் வந்தவர்களோ கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர்.

எமது வாடிக்கையாளரைக் காத்தது அவர் நின்ற இடம் ஏறக்குறையச் சமதரையாக இருந்தமையே. இவ்வகைச் சரிவுகள் பொதுவாக 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே புறப்படும். ஆயினும் மேலே அத்தகைய சாய்வு இருக்குமாயின், கீழே நிற்பவரின் காலடியில் தொடங்கும் நொறுங்கல் மேலே பரவி, அங்குள்ள பனி கழன்று அவர்மீதே இறங்கக்கூடும்.

இவற்றையெல்லாம் பயணி தாமே கணிக்க வேண்டியதில்லை. டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சாய்வுகளில், புதுப்பனியாலா, காற்றாலா, பழைய படையாலா ஆபத்து என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்குள்ள பிள்ளைகள் ஜெர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்வார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் என்று அறிவித்தால், குளத்தைப் போய்ப் பாராமலே தாழ்நிலத்தார் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவதில்லையா? 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட எமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபத்து 1 முதல் 5 வரையான படிகளில் குறிக்கப்படுகிறது. ஐந்தில் மூன்று என்றதும் ‘நடுத்தரம், பரவாயில்லை’ என்று எண்ணத் தோன்றும். அது பரீட்சைப் புள்ளி பார்த்துப் பழகிய கண்ணின் பிழை. உயிரிழப்புகளில் ஏறத்தாழ அரைவாசி இந்த 3ஆம் படி நாட்களிலேயே நிகழ்கின்றன, ஏனெனில் 4 என்றால் பலர் வீட்டிலேயே நின்றுவிடுகின்றனர். அதிலும் இரண்டு நாள் பனி கொட்டிக் காற்றும் அடித்து ஓய்ந்தபின் வரும் முதல் வெயில் நாள், படமெடுக்க மிக அழகானது; அதே அளவுக்கு ஆபத்தானது.

புதையுண்டவர் முதற் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணித்தியாலம் கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். மீட்பு உலங்குவானூர்தியை 1414 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் அது வந்துசேரும் முன்னரே அந்தப் பத்து நிமிடங்கள் முடிந்துவிடக்கூடும். ஆகவே புதையுண்டவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீண்ட துழாவுகோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்து, பயன்படுத்தவும் தெரிந்திருந்தாலன்றிக் குறியிட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பயணக் காப்புறுதிகள் பல, குறியிட்ட பாதைக்கு வெளியே நேரும் விபத்துகளுக்குப் பொறுப்பேற்பதில்லை. ஏற்கெனவே சீட்டுப் பெற்றவர்கள் தமது காப்புறுதிப் பத்திரத்தைப் புறப்படுமுன் நிலையத்துக்குக் கொண்டுவந்தால், அந்தப் பகுதியை உடனிருந்து வாசித்து விளக்குவோம். அதற்குக் கட்டணம் அறவிடப்படமாட்டாது.

இங்ஙனம்,
நிலைய உரிமையாளர்,
கிளிநொச்சி