படம் எடுத்தவருக்கா, பணம் கொடுத்தவருக்கா?

ஆசிரியருக்கு,

ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. தாமாகப் போய் எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தம். ஆனால் இன்னொருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். "நாளைக்குப் போயிட்டு வந்துடுங்க" என்ற ஒரு போனிலேயே வேலை தொடங்கிவிடுவதால், உரிமை கைமாறியது பல மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது.

கிளம்பும் முன் ஒரு மின்னஞ்சல் போதும்: உரிமை என்னுடையது, அச்சில் ஒருமுறை, இணையத்தில் இத்தனை மாதம், பயணச் செலவு தனி. "சரி" என்று பதிலும் வாங்கிவிட வேண்டும். படத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுக்கும் உரிமத்தில் காலம் குறிக்காவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

படம் அனுப்புவதிலும் கோளாறு நடக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற அச்சில் அது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். கோப்புக்குள் பதிந்த பெயர், இடம், படவிளக்கமும் போய்விடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் இரண்டும் தப்பும். பதிப்பு முடியும் நேரத்தில் பக்க வடிவமைப்பாளர் பெயரைத் தேடி அலைவார் என்று எதிர்பார்ப்பது நியாயமுமில்லை.

இதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணத்தைப் படம் வெளியான நாளிலிருந்து கணக்கிடாமல், ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். கேட்டு வாங்கிவிட்டுக் கிடப்பில் போட்ட படத் தொடருக்கும் கூலி உண்டு.

— புகைப்படக் கலைஞர், மதுரை