காத்தான் கூத்தின் கடைசி இரவு: "அருமை" என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

மீள மேடையேறிய காத்தவராயன் கூத்தின், அதாவது காத்தான் கூத்தின், இறுதி இரவைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் நினைவுகளுக்குத் தங்கள் பத்திரிகை இடம் கொடுத்து வருவது நல்ல காரியம். இலங்கையின் வன்னியில் ஒரு கூத்துக்கு இத்தனை பேர் பேனா எடுத்திருப்பதே பெரிய விசயம். ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை "அருமை", "கண் கலங்கிவிட்டது", "விடியும்வரை இருந்து பார்த்தோம்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இன்னும் பத்து வருடம் கழித்து இதே கூத்தைப் பழக்க வரும் அண்ணாவியார் ஒருவர் இவற்றை எடுத்து வாசித்தால், முதல் வரவுக்கு (பாத்திரம் மேடைக்கு வரும் ஆட்டத்துக்கு) எந்தக் காலை வைப்பது என்பதைக்கூட அறிய முடியாது. நினைவை அவருக்கு உதவும்படி எழுதலாம். அதற்குச் சில விபரங்கள் வேண்டும். அவை எவை என்று சொல்லவே இக்கடிதம்.

எங்கள் பக்கத்தில் இது வெறும் ஆசை அல்ல. 2008, 2009இல் போரால் கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்து மீண்ட சனத்தோடு கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டுக் கொப்பிகளும் உடுப்புப் பெட்டிகளும் திரும்பி வரவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஆடப்பட்ட கூத்துகளில் பல, ஆட்களின் தலைக்குள் இருந்ததைக் கொண்டு கட்டப்பட்டவை. ஏடு அச்சில் இருந்தாலும் பிரச்சினை தீராது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று பேராதனையில் மேடையேற்றினார். பதிப்புகளில் பாட்டு இருக்கிறது. ஆட்டத்தையும் மெட்டையும் அண்ணாவிமாரிடமும் அதில் ஆடியவர்களிடமும்தான் கேட்கவேண்டும்.

முதலில் ஆள் விபரம். "காத்தானாக ஆடியவர் பிரமாதம்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எந்தக் காத்தான்? விடிய விடிய ஆடும் கூத்தில் ஒரே ஆள் முழுப் பாத்திரத்தையும் தாங்க முடியாது என்பதால் ஆதிக்காத்தான், நடுக்காத்தான், பிற்காத்தான் என்று ஆட்களைப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். இடத்துக்கு இடம் பிரிப்பும் பெயரும் மாறும். பிள்ளைப் பருவத்துக்குக் கீச்சுக் குரல் உள்ள பையன், ஆரியப்பூமாலையைத் தேடிப் போகிற கட்டத்துக்கு ஆட்டக்காரன், கழுவேற்றத்துக்கு நின்று பாடக்கூடிய தொண்டை என்று ஆளைப் பார்த்தே அண்ணாவியார் தெரிவுசெய்வார். ஆள் எந்தப் பாட்டோடு மாறினார், மாறும்போது இருவரும் களரியில் (ஆடுமிடத்தில்) ஒன்றாக நின்றார்களா, திரை விழுந்ததா, வருகையை அறிவிக்கும் கட்டியம் சொல்லப்பட்டதா என்பவற்றை எழுதுங்கள். மாரியம்மனுக்கும் இதே கேள்விதான். பகிடி பேசும் சின்னானுக்கும் டாப்பர் மாமாவுக்கும் இதே கேள்விதான். ஆனால் அவர்கள் பேசுவதில் பாதி ஏட்டில் கிடையாது. உள்ளூர்க் கடையையும் றோட்டையும் இழுத்துச் சொன்ன பகிடிகள் நினைவிருந்தால், எது ஏட்டு வசனம், எது அன்றைக்கு வாயில் வந்தது என்று பிரித்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை ஆடுகிறவர்கள் அந்தப் பகிடியையும் மனப்பாடம் செய்து ஒப்புவிப்பார்கள். கேட்கவே பாவமாக இருக்கும்.

அடுத்தது மெட்டு. காத்தான் கூத்தில் பாட்டுகள் நிறைய, மெட்டுகள் கொஞ்சம். ஒரே சிந்து மெட்டில் பல பாட்டுப் போகும். அதனால் சொல் நினைவிருப்பவருக்கு மெட்டு வழுக்கிவிடும். சொல்லை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்று கண்கூடாகவே தெரிகிறது: அடுத்த தலைமுறை அதே சொல்லைத் தெரிந்த சினிமா மெட்டில் போட்டுப் பாடும், சபையும் கைதட்டும். ஆகவே எழுதுகிறவர்கள் பாட்டின் முதல் இரண்டு அடியைக் கைத்தொலைபேசியில் பாடிப் பதிந்து வையுங்கள். குரல் நன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டே பாடினால் அடி எங்கே தொடங்குகிறது என்பதும் பதிவாகும். ஆர்மோனியத்தில் வாசித்து அனுப்புவதைவிட இது மேல். பழைய முறையில் உடுக்கும் தாளமும் இருந்த இடத்துக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் வந்துவிட்டன, குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்மோனியம் கட்டை கட்டையாகத்தான் சுரம் தரும். இழுத்து இறக்கிப் பாடும் இடங்கள் அதில் விழாது. மெட்டின் எலும்பு கிடைக்கும், சதை கிடைக்காது.

எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார்கள் என்பதை எழுதுவோர் ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். இறுதி இரவுப் பதிவுகளில் சாமத்துக்குப் பிறகு சுருதி இறங்கியதுபோல் கேட்கும். பாடுகிறவர் களைத்தது ஒரு காரணம். மற்றது பனி. திறந்த வெளிக் களரியில் பனி விழ, தோல் ஈரத்தை வாங்கித் தளரும். மத்தளமோ மிருதங்கமோ ஓசை இறங்கும். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையும் கொண்டு வார்த் தட்டை அடித்து ஏற்றுவார். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத் தோலில்) பூசிய ரவை காய்ந்தால் ஈரம் காட்டிச் சரிசெய்வார். மத்தளத்தை நெருப்பு வெக்கையிலோ பெரிய பல்புக்குக் கிட்டவோ காட்டி எடுப்பதும் உண்டு. ஆர்மோனியத்தின் சுருதியோ அசையாது. ஆகவே ஆர்மோனியத்தோடு ஒட்டிப் பாடிய பாட்டின் கட்டையை நம்பலாம். தோல் வாத்தியத்தை மட்டும் வைத்து விடிபுறப் பாட்டுக்குச் சுருதி பிடித்தால் அரைக் கட்டையாவது பிழைக்கும். பாட்டுக்குப் பக்கத்தில் நேரத்தையும் குறித்துவிட்டால் பிறகு பார்ப்பவர் கணக்கெடுத்துக்கொள்வார்.

ஒளிப்பதிவுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. நூற்றுக்கணக்கான துண்டு வீடியோக்கள் சுற்றுகின்றன, எல்லாவற்றிலும் முகம். காத்தான் கூத்து சிந்து நடையில் ஆடுவது. முன்னுக்கு வைத்துப் பின்னுக்கு எடுக்கும் அந்தத் துள்ளு நடை பார்க்க எளிது. ஆனால் எந்தச் சொல்லில் கால் தூக்கப்படுகிறது, திரும்பும்போது எந்தத் தோள் முந்துகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். முன்வரிசையில் இருந்து போனை உயர்த்திப் பிடித்தால் மேடை விளிம்பு காலை வெட்டிவிடும். களரி முழுவதும், ஆட்டக்காரர் தலைக்கு மேல் ஒரு முழமும் பாதத்துக்குக் கீழ் ஒரு முழமும் தெரியக்கூடிய இடத்தில் ஒரு கமெராவை முக்காலியில் நிறுத்திவிட்டுக் கையெடுத்துவிடவேண்டும். முப்பது அடி தூரம் பெரும்பாலும் சரியாக வரும். சூம் செய்யக்கூடாது, திருப்பக்கூடாது. இரண்டாவது கமெரா இருந்தால் அது காலுக்கு. மூன்றாவது இருந்தால் முகத்தை எடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஒலி இன்னும் மோசம். போனில் உள்ள மைக் சத்தத்தைத் தானாகவே சமப்படுத்தும். மத்தளம் ஒரு அடி விழுந்ததும் போன் எல்லாவற்றையும் அமத்தும். பாட்டு மறைந்து, இரண்டு நொடி கழித்து மெல்ல மெல்ல மேலே வரும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் கரகரப்புத்தான் மிச்சம். ஒலி அமைப்பாளரிடம் கேட்டு மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுத்துத் தனி ரெக்கோடரில் விடுவது மேல். அதில் சபையின் சத்தம் வராது என்பதால் பிற்பாட்டுக்காரர் பக்கத்தில் இன்னொரு ரெக்கோடர் வைக்கவேண்டும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்ரீரியோ பதிவு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும். எட்டு மணித்தியாலக் கூத்துக்கு 8 ஜிபி. பல ரெக்கோடர்கள் 2 அல்லது 4 ஜிபி வந்ததும் கோப்பை முறித்து அடுத்ததைத் தொடங்கும். சிலதில் அந்த இடத்தில் ஒரு சொல் விழுந்துபோகும். ஆகவே திரை விழும் நேரம் பார்த்து நீங்களே நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். வீடியோ சாதாரண முழு எச்டியில் நிமிடத்துக்கு 130 எம்பி அளவில் போகும், ஆகவே விடிய விடிய எடுக்க 64 ஜிபி காட் ஒன்று மட்டுமட்டாகத்தான் போதும், அதை மட்டும் நம்பவேண்டாம். ஜெனரேற்றரை நம்பிச் சார்ஜரில் விட்டவர்களுக்கு இன்னொரு புத்தி: எரிபொருள் ஊற்ற நிறுத்தும் ஐந்து நிமிடத்தில் பற்றரி உள்ள போனே தாங்கும்.

எடுத்ததை அனுப்பும்போது வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசிந்துபோகும். எடுத்த நேரமும் அழிந்து, அனுப்பிய திகதிதான் கோப்பின் பெயரில் நிற்கும். 'டொக்கியூமன்ற்' என்று தெரிவுசெய்து அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். கோப்புக்கு "காத்தான் சுப்பர்" என்று பெயர் வைக்காமல் திகதி, ஊர், கட்டம், எடுத்த பக்கம் என்று வையுங்கள். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததும் இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் பேணும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். முகநூலில் போட்டது பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஐந்து வருடத்துக்கு முன் போட்ட ஒரு வீடியோவைத் தேடிப் பார்க்கட்டும்.

இறுதி இரவைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதல் இரவுகளில் இரண்டரை, மூன்று மணித்தியாலத்துக்குச் சுருக்கி ஆடியவர்கள், கடைசி இரவில் ஆசைப்பட்டு விட்ட பாட்டுகளையும் சேர்ப்பார்கள். மூத்த கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வரவை ஆடவைப்பார்கள். நடுவில் பொன்னாடை. (மாரியம்மன் தவத்தில் இருக்கும்போது ஒலிவாங்கியைப் பிடுங்கிப் பிரமுகரை வரவேற்கும் பழக்கத்தை எந்தக் கோயில் நிர்வாகமாவது நிறுத்தினால் அவர்களுக்கே பொன்னாடை போர்த்தலாம்.) ஆகவே அந்த இரவு, கூத்தின் சரியான வடிவம் எது என்று பார்க்க உதவாது. அதற்கு இடைப்பட்ட ஒரு இரவின் பதிவு வேண்டும். இறுதி இரவின் பெறுமதி வேறு: சபை எங்கே கூடப் பாடியது, கழுமரத்தைக் கண்டதும் யார் எழுந்து கும்பிட்டார்கள், நேர்த்தி வைத்தவர்கள் எந்த நேரத்தில் களரிக்குள் வந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்க்கலாம். இரண்டு இரவையும் பார்த்தவர்கள் எது எந்த இரவு என்று கட்டாயம் குறிப்பிடவேண்டும்.

கழுமரத்தைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன மரம், எத்தனை அடி, மிதிகட்டை எப்படி அடித்தது, யார் நாட்டியது? பதினைந்து அடித் தடிக்கு மூன்று அடியாவது நிலத்துக்குள் போகவேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அதற்கும் மேல், அடியில் கல்லும் இறுக்கி. நாட்டியவருக்கு இது தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. உடுப்புக்கும் அதே கதிதான். வாடகை உடுப்பு அடுத்த நாள் காலையில் போய்விடும். போகுமுன் முடியையும் (கிரீடத்தையும்) மேலுடுப்பையும் வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் தையற்கார அளவு நாடாவை விரித்து, முன், பின், உட்பக்கம் என மூன்று படம் எடுத்தால் போதும். உட்பக்கத் தையலைப் பார்த்தால்தான் திரும்பத் தைக்கலாம். சொந்த உடுப்பென்றால் வியர்வை காய முன் பெட்டியில் போடவேண்டாம், சரிகை கறுத்துவிடும்.

யாரிடம் கேட்பது என்றால், பிற்பாட்டுக்காரரிடமும் ஒப்பனைக்காரரிடமும் முதலில் போங்கள். ஆடியவர் தன் பாட்டை மட்டும் அறிவார், பிற்பாட்டுக்காரருக்கு எல்லாருடையதும் தெரியும். இரண்டு பேரை ஒன்றாக இருத்திக் கேட்காதீர்கள். மூத்தவர் சொல்வதற்கு இளையவர் தலையாட்டிவிடுவார். தனித்தனியே கேட்டு, முரண்பட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள்.

தங்கள் பத்திரிகை கால் பக்கத்தில் ஒரு படிவம் அச்சிட்டால் மிகவும் உதவியாக இருக்கும். பார்த்த திகதியும் இடமும், இருந்த பக்கம், நினைவில் நிற்கும் ஒரு கட்டம், அதன் நேரம், அதில் ஆடியவரின் பாத்திரம், எத்தனையாவது காத்தான், பாட்டின் முதல் அடி, பாடிப் பதிந்தது உண்டா, மத்தளம் நின்ற அல்லது வேகம் மாறிய சொல், படம், வீடியோ இருந்தால் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தது. இவ்வளவும் நிரப்பிய பிறகு "அருமை" என்று எழுதவும் இரண்டு வரி இடம் விடுங்கள். வயதானவர்களுக்காகப் பாடசாலைப் பிள்ளைகள் நிரப்பலாம். சொன்னவரின் வயதையும் கூத்துப் பார்த்த ஊர்களையும் சேர்க்கவேண்டும். மன்னார்ப் பக்கம் பார்த்தவரின் நினைவும் முள்ளியவளையில் பார்த்தவரின் நினைவும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
கூத்து இரசிகர்கள் சிலர்,
முள்ளியவளை.