நாற்காலியின் உயரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வார இணைப்பில் வந்த மலைநடைக் கட்டுரையைப் படித்தேன். முதுகுப்பையில் எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். காலணி, மழைச்சட்டை, தலைவிளக்கு பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நாற்காலிக்கு ஒரே ஒரு வரிதான்: மரக்கட்டையோ பாறையோ கிடைத்தால் அதில் உட்காருங்கள், நாற்காலி வேண்டியே தீரும் என்றால் இருப்பதிலேயே எடை குறைந்ததை வாங்குங்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் இதே யோசனையைக் கேட்டு நான் ஒரு நாற்காலி வாங்கி, ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் என் அக்கா மகளிடம் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வயது 57. இடது முழங்காலில் பழைய காயம் ஒன்று இருக்கிறது, நடக்கும்போது பெரிதாகத் தெரியாது, நாள் முழுக்க இறக்கத்தில் இறங்கிவிட்டு உட்கார்ந்து எழுந்தால் மட்டும் தெரியும். நான் வாங்கிய நாற்காலி அரைக் கிலோதான். கையில் எடுத்தபோது அவ்வளவு சந்தோஷம். முகாமில் விரித்து உட்கார்ந்தபோதும் சந்தோஷம்தான். எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடுப்பு கீழே, முழங்கால் மேலே, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. முன்னும் பின்னுமாக ஆடி, ஒரு கையை ஈரமண்ணில் ஊன்றி, இன்னொரு கையை யாராவது பிடித்து இழுக்க எழுந்தேன். இரண்டாம் நாளிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்கத் தயங்கினேன், எழுந்து போய் எடுக்கவும் தயங்கினேன். ஓய்வுக்காகச் சுமந்துபோன பொருள் இப்படி ஆகிவிட்டதே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இது அந்த நாற்காலியின் குறை என்று நான் சொல்லவில்லை. எடையை எங்கே குறைக்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் தெரியும். இந்த வகை நாற்காலிகளில் இருப்பதெல்லாம் ஒரு துணி, உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் சில அலுமினியக் குழாய்கள், அவற்றைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு, அவ்வளவுதான். கூடாரக் கம்பிகளுக்குப் பயன்படும் அதே ரகக் குழாய்கள். இந்த வடிவத்தைப் பரவலாக்கிய ஹெலினாக்ஸ்கூட, கூடாரக் கம்பி செய்யும் டிஏசி என்ற கொரிய நிறுவனத்திலிருந்து வந்த பிராண்டுதான். துணியை ஓரளவுக்கு மேல் மெல்லியதாக்க முடியாது, கிழிந்துவிடும். குழாயை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது, வளைந்துவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது காலின் நீளம்தான். அதைக் குறைக்கிறார்கள், இருக்கையும் தரையை நோக்கி இறங்குகிறது.

நாம் சாப்பிடும் மேசையோடு போடும் சாதாரண நாற்காலியின் இருக்கை ஏறக்குறைய 45 செ.மீ. உயரம். அதே ஹெலினாக்ஸின் சேர் ஜீரோ சுமார் 490 கிராம், இருக்கை சுமார் 28 செ.மீ. சேர் ஒன் சுமார் 900 கிராம், இருக்கை 35 செ.மீ.யை ஒட்டி வரும். இரண்டுக்கும் எடையில் 400 கிராம் வித்தியாசம், உயரத்தில் நாலு விரற்கடை வித்தியாசம். கடையில் நிற்கும்போது 400 கிராம்தான் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதுதான். நாலு விரற்கடையை முழங்கால்தான் கண்டுபிடிக்கும்.

இருக்கை தாழத் தாழ, எழும்போது உடம்பின் பாரம் பாதங்களுக்கு வெகுதூரம் பின்னால் கிடக்கிறது. அதை முன்னே கொண்டுவந்து மேலே தூக்கும் வேலை முழுக்கத் தொடைக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் வருகிறது. காலையில் இது பெரிதாகத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு கிலோவைச் சுமந்து இறங்கிவந்த சாயங்காலத்தில், தொடைச் சதை விறைத்துக் கிடக்கும்போது, நன்றாகத் தெரியும். கடையில் புதுத் தெம்போடு இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. இருபது நிமிடமாவது உட்காருங்கள், பிறகு கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். கடைக்குப் போகாமல் வாங்குபவர்கள் வீட்டிலேயே கெட்டி அட்டைப் புத்தகங்களை 28 செ.மீ.க்கு அடுக்கி, நீண்ட நடை முடிந்து வந்த ஒரு நாளில் அதில் உட்கார்ந்து எழலாம். அப்புறம் 35 செ.மீ.க்கு அடுக்கி எழலாம். துணி உங்கள் எடைக்குக் கொஞ்சம் தொய்யும், ஆகவே உண்மையான உயரம் சொன்னதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. நாற்காலி தேடுபவர்களில் சிலருக்கு முதுகுதான் பிரச்சினை, சிலருக்கு முழங்கால். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முதுகுக்குச் சாய்மானம் இருந்தால் போதும், தரையிலேயே உட்காரலாம். 1987 இல் அமெரிக்காவின் மொன்டானாவில் தொடங்கிய கிரேஸி கிரீக் நிறுவனத்தின் காலே இல்லாத நாற்காலி அப்படித்தான்: இரண்டு ஃபோம் பலகைகள், இரு பக்கமும் வார், தரையில் வைத்து வாரை இழுத்தால் முதுகுக்குத் தாங்கல். தூங்கும் பாயையே மடித்துச் செருகி நாற்காலியாக்கும் உறைகளும் இருக்கின்றன, சுமார் 300 கிராம் வரும். ஆனால் காற்று ஊதும் பாயை அதில் போடுவதாக இருந்தால் கீழே முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள், இரவுத் தூக்கமே அந்தப் பாயில்தான் இருக்கிறது. முதுகு வலிக்காரர்களுக்கு இவை போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இவற்றைவிட மோசமான தேர்வு கிடையாது.

முழங்காலுக்கு வேண்டியது உயரம். சாய்மானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு மடக்கு முக்காலியை நான் தயங்காமல் சொல்வேன். மூன்று கால் என்பதால் எவ்வளவு மேடுபள்ளமான தரையிலும் மூன்றும் பதியும், நாலு கால் பொருள்போல ஒரு கால் அந்தரத்தில் நின்று ஆடாது. ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள பக்கமாக எட்டி எதையாவது எடுத்தால் கவிழ்த்துவிடும். அதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மணல். ஆற்றங்கரையில் ஒரு சாயங்காலம், நான் சாய்ந்த வேகத்தில் பின்கால்கள் இரண்டும் மணலுக்குள் இறங்கி, அப்படியே மல்லாக்க விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டியதில்லை, சின்னப் பாதம் வைத்த எல்லாமே இதைச் செய்யும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோ ஆள் நின்றால் இரண்டு பாதங்களும் சேர்ந்து தரையில் படும் பரப்பு 240 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், சதுர செ.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு கிலோ. அதே ஆள் 3 செ.மீ. அகலமுள்ள நாலு வட்ட ரப்பர் பாதங்களில் உட்கார்ந்தால் மொத்தப் பரப்பே 28 சதுர செ.மீ.தான், சதுர செ.மீ.க்கு கிட்டத்தட்ட 3 கிலோ. எட்டு மடங்குக்கு மேல். சாய்ந்து உட்கார்ந்தால் பின்கால்களுக்கு இன்னும் கூடும். இதற்காகவே நாலு கால்களையும் சேர்க்கும் அடித்துணியும், பாதத்தில் மாட்டும் அகல வட்டுகளும் விற்கிறார்கள். தட்டையான கல்லைக் கீழே கொடுப்பதும் உண்டு, ஆனால் மணல் இருக்கும் இடத்தில் நாலு தட்டைக் கல் தேடுவது அவ்வளவு சுலபம் இல்லை. நீங்கள் போகும் இடம் மணலோ சதுப்போ என்றால் அந்தத் துணியின் எடையையும் நாற்காலியோடு சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். பல இடங்களில் போடும் எடை, நாற்காலியைப் போட்டுவைக்கும் உறையைச் சேர்க்காத எடை என்பதால், வீட்டுத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தாங்கும் எடை என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் எடையை மெதுவாக இறக்கி வைப்பதற்கும் சட்டென்று விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது, சட்டென்று விடும்போது தாங்கும் பொருளின் மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை ஒரு கணம் வந்துபோகும். களைப்பில் பொத்தென்று உட்காருவது நம் எல்லாருக்கும் பழக்கம். குழாய் நுனி நுழையும் துணிமூலைகளின் தையலை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விரலால் இழுத்துப் பாருங்கள், கிழிவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நைலான் ஈரத்தில் கொஞ்சம் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. இரண்டுமே நெருப்புப் பொறி பட்டால் ஓட்டை விழும், ஆகவே தீயின் பக்கத்தில் இழுத்துப் போடாதீர்கள். குளிர் இடங்களில் மட்டும் ஒரு விஷயம்: அடியில் காற்று ஓடுவதால் மெல்லிய துணி நாற்காலியில் இடுப்பும் முதுகும் சில்லிட்டுவிடும். 60 கிராம் வரும் சின்ன ஃபோம் விரிப்பு ஒன்றை மேலே போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

சொல்லப்போனால், பலருக்கு அந்த ஃபோம் விரிப்பு மட்டுமே போதும். வெளிச்சம் இருக்கும்வரை நடந்து, முகாம் போட்டதும் படுத்துவிடுபவர்களுக்கு நாற்காலி வெறும் சுமை. தண்ணீரும் உணவும் நீங்கலாக மொத்த மூட்டையே நாலரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து நடப்பவர்களுக்கு 900 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு, அவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் நான் நாலு மணிக்கே முகாம் போடுகிறவன். தூங்கப் போக எட்டு, எட்டரை ஆகும். தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கும் அரை மணி நேரம் உட்காருபவனுக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? கிராமை எண்ணுவதற்கு முன்னால் ஒரு பயணத்தில் எத்தனை மணி நேரம் உட்காருகிறோம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

மரக்கட்டையிலும் பாறையிலும் உட்காரச் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடக்கிற இடத்தில் கிடக்கிற கட்டையில் உட்காருவதில் தப்பே இல்லை. ஆனால் நடப்பது அதுவல்ல. வசதியான இடத்துக்குக் கட்டையை உருட்டி வருகிறார்கள், கல்லைப் பெயர்த்து வருகிறார்கள், அடுத்து வரும் கூட்டம் இன்னும் நாலு கல்லைக் கொண்டுவந்து வட்டம் போடுகிறது. மட்கும் கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் பூச்சிகளும் பல்லி, தவளை போன்றவையும் குடியிருக்கின்றன, அந்த ஈரம் போனால் அவையும் போய்விடும். இருந்ததை இருந்தபடி விட்டுவிட்டு வாருங்கள் என்பது காட்டுநடையின் அடிப்படை விதிகளில் ஒன்று. நான் நாற்காலி சுமப்பதற்கு முழங்கால் முதல் காரணம் என்றால் இது இரண்டாவது காரணம், இதை நான் லேசாகச் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது 35 செ.மீ. உயர நாற்காலி, உறையும் அடித்துணியும் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் வருகிறது. அந்த எடைக்கு ஈடாக மாற்று உடைகளில் பாதியையும் இரண்டாவது ஜோடிக் காலணியையும் வீட்டில் விட்டுவிட்டேன். முகாமில் எத்தனை முறை எழுந்தாலும் யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. அக்கா மகளுக்கு வயது 24, அந்த அரைக் கிலோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுகிறாள், ஒவ்வொரு பயணத்துக்கும் அதைத்தான் எடுத்துப்போகிறாள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எடைக்குப் பக்கத்திலேயே இருக்கையின் உயரத்தையும் நாற்காலிப் பாதங்களின் அகலத்தையும் போடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். தயாரிப்பாளர்கள் எல்லாரும் அதை வெளியிடுவதில்லை என்றால், ஒரு ஆளை உட்காரவைத்து அளவுநாடாவால் அளந்து போடலாம், ஐந்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்