கட்டி தட்டுப்பட்ட பிறகு எத்தனை நாள்?

பொதுச் சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீடு வீடாகச் சென்று மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பெண்களிடம் பேசும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எத்தனை வீடுகளுக்குப் போனோம், எத்தனை பெண்களிடம் பேசினோம் என்று மாதந்தோறும் படிவத்தில் கேட்கிறீர்கள். அதில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லியே இந்த மடல்.

அந்த வீடுகளில் மார்பகம் என்ற சொல்லை எடுத்ததுமே பேச்சு நின்றுவிடும். ஆண்கள் வெளியே போகும்வரை காத்திருப்போம். பிறகு பலரும் சொல்வது, "வலியே இல்லையே." மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது. தோலில் விழும் குழி, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் இவற்றையும் சொல்வோம். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பவர்களும் உண்டு. நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பெண் என்பதும் வயதும் தவிர வேறு குறிப்பான ஆபத்துக் காரணி எதுவும் இருப்பதில்லை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் மறக்காமல் சொல்வோம். அதைக் கேட்ட பிறகுதான் பலர் வாய் திறப்பார்கள்.

அப்படி மூன்றாம் முறை போனபோது வாய் திறந்தார் ஒரு பெண். குளிக்கும்போது ஏதோ தட்டுப்படுகிறது என்றார். பரிந்துரைச் சீட்டு கொடுத்தோம். மருத்துவர் பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு வேறோர் இடம், திசுப் பரிசோதனைக்கு இன்னொரு நாள், முடிவு வாங்க மறுபடியும் அலைச்சல். ஒவ்வொரு நாளும் கூலி போனது. பாதியில் நின்றுவிட்டார். என் படிவத்திலோ அவர் இன்றும் 'விழிப்புணர்வு பெற்றவர்'. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஷாங்காயில் சுமார் 2,66,000 பெண் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வில், சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. மும்பையில் 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். நோய் ஆரம்ப நிலையிலேயே தெரியவந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. எங்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுங்கள், செய்து காட்டுகிறோம்.

ஆனால் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டு வழியைக் காட்டாமல் விடுவது கொடுமை. பெண் முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய முயற்சியின் இலக்குகளில் ஒன்று. நான் கேட்கும் கேள்வியும் அதுதான்: கட்டி இருப்பதாகச் சொன்ன பெண்ணுக்கு முடிவு கைக்கு வர எத்தனை நாளாயிற்று?

பரிந்துரைச் சீட்டிலேயே ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் தேதி குறித்துக் கொடுங்கள். முடிந்தால் இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்கட்டும். வராதவரைத் தேடிப் போகும் வேலையை எங்களிடம் விடுங்கள். அவர்கள் வீட்டு வாசல் எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு சுகாதாரத் தன்னார்வலர்